கரண்ட் இல்லாத நாளில் வந்த விசில்

எங்கள் தொழிலில் எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. கல்யாணத்தில் பாதி வாசித்துக்கொண்டிருக்கும்போது கிட்டாரைக் கீழே போட்டுவிட்டு ஓடியவன். கும்மிடிப்பூண்டி பக்கம் எந்தப் பாட்டுக் கச்சேரிக் குழுவிலும் விசாரித்துப் பாருங்கள், சொல்வார்கள். புதிதாக வாசிக்க வருகிற பிள்ளைகள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். அன்றைக்கு ஏன் ஓடினீர்கள்? எலெக்ட்ரிக் கிட்டாரில் அத்தனை பேர் எடுத்தவர் ஏன் கரண்ட்டே வேண்டாத அக்கூஸ்டிக்குக்கு மாறினீர்கள்? இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். வாயால் சொன்னால் பாதியில் சிரிப்பார்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பேய் பிசாசை நம்புகிறவன் அல்ல நான். அந்தப் பயம் இருந்தால் எங்கள் டிரம்மரோடு இத்தனை வருஷம் ஒரே வேனில் போய் வந்திருக்க முடியாது.

1. விசில்

நான் லீட் கிட்டார். ஊத்துக்கோட்டை பாஸ்கர் மாஸ்டர் நடத்திய குழுவில் இருந்தேன். கீபோர்டும் அவர்தான், முதலாளியும் அவர்தான். அம்மன் கோயில் திருவிழா, சர்ச் கல்யாணம், கம்பெனிகளில் ஆயுத பூஜை என்று எது வந்தாலும் வாசிப்போம். சாமி எதுவானாலும் சவுண்ட் செட் ஒன்றுதான்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒட்டி ஒரு சின்ன சர்ச் இருக்கிறது. அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு உருக்கும் கம்பெனி. அங்கே முதன்முதலாக வாசிக்கப் போன நாளில், கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப் பெட்டியில் வயரைச் சொருகியதும், எப்போதும் இரைகிற ஹம்முக்கு மேலே மெல்லிய விசில் ஒன்று வந்தது. வயரை மாற்றினேன். பிளக்கை மாற்றினேன். போகவில்லை.

பாஸ்கர் மாஸ்டர் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, விசிலு? ஜனம் இன்னும் உள்ளயே வரல. அதுக்குள்ள யாரு உனக்கு விசிலடிக்கிறது?"

கொயரில் நின்றிருந்த என் தங்கை எஸ்தர் சிரித்துவிட்டாள். அவளைக் கட்டிக் கொடுத்தது அந்த ஊரில்தான். சர்ச் கொயரில் நல்ல எடுப்பான குரல் அவளுக்கு.

"அண்ணா, அது ஃபர்னஸுணா. ஹீட்டு ஓடிக்கினு கீது. நின்னா தானா நின்னுடும்."

அவள் புருஷன் தாஸுக்கு அந்த ஃபர்னஸில்தான் வேலை. ஃபர்னஸ் என்பது ஆள் இறங்கி நிற்கும் அளவுக்குப் பெரிய பானை. சுற்றிலும் செம்புச் சுருள். சுருளில் கரண்ட் பாய்ந்தால் உள்ளே போட்ட பழைய இரும்பு உருகும். என் கிட்டாரில் கம்பிக்கு அடியில் இருக்கும் பிக்கப்பும் காந்தத்தைச் சுற்றிய செம்புச் சுருள்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய சுருள் கத்தினால் இந்தப் பக்கம் சின்னச் சுருளுக்குக் கேட்டுவிடுகிறது. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. எந்த எலெக்ட்ரீஷியனைக் கேட்டாலும் சொல்வார்.

விசிலோடு சமாளிக்க ஒரு வழி இருக்கிறது. நின்ற இடத்திலேயே கிட்டாரோடு மெதுவாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு திசையில் சத்தம் அடங்கும். அந்தப் பக்கம் பார்த்து நின்று வாசித்துவிடலாம். அந்த சர்ச்சில் நான் எப்போதும் ஜனத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து வாசித்ததற்கு இதுதான் காரணம். திமிர் என்று சொன்னவர்களும் உண்டு.

அந்த ஊர்ப் பெண்கள் அந்த விசிலை வைத்து ஒரு வழக்கமே உண்டாக்கி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் நான் வாசிப்பேன், கம்பெனியும் ஓடும். ஆராதனை நடுவில் என் ஆம்ப்பில் விசில் நின்றால், ஹீட் முடிந்து இரும்பை ஊற்றிவிட்டார்கள், ஆள் சாப்பாட்டுக்கு வருவான் என்று அர்த்தம். இரண்டு மூன்று பெண்கள் நைசாக எழுந்து போவார்கள். பிரசங்கம் எவ்வளவு உருக்கமாகப் போனாலும் சரி. எஸ்தரும் கொயரிலிருந்து ஜாடை காட்டுவாள். விசில் பி நோட்டுக்கு, அதாவது பி என்கிற ஸ்வரத்துக்கு, கிட்டத்தட்ட சரியாக நிற்கும். ஈ மைனரில் இருக்கும் பாட்டு என்றால் அதுவும் எங்களோடு சேர்ந்து பாடுவது போலவே இருக்கும்.

2. பாதியில் நின்றது

எங்கள் பக்கம் மாதத்தில் ஒரு நாள் ஈபியில் பராமரிப்பு வேலைக்காகக் காலை முதல் சாயந்திரம் வரை கரண்டை நிறுத்துவார்கள். ஷட் டவுன் நாள் என்போம். கம்பெனிகளும் அந்த நாளுக்கென்று வேலையை ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஃபர்னஸின் உள்ளே நெருப்பைத் தாங்குவதற்குப் போட்ட மண் பூச்சுக்கு லைனிங் என்று பெயர். அது தேய்ந்ததும் ஆள் உள்ளே இறங்கிப் பழையதை உடைத்து எடுக்க வேண்டும். தாஸுக்கு அந்த வேலை.

அப்படி ஒரு ஷட் டவுன் நாளில் சர்ச்சில் கல்யாணம். வாசலில் வாடகை ஜெனரேட்டர் டபடபவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க லைன் இல்லை. அன்றைக்கு என் ஆம்ப் வழக்கத்துக்கு மாறாக அவ்வளவு சுத்தமாக இருந்தது. நான்கூட சந்தோஷமாக ஜனத்தைப் பார்த்து நின்றேன்.

பெண்ணும் மாப்பிள்ளையும் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடும் நேரத்தில் பாட்டு கிடையாது. லீட் கிட்டார் மட்டும் மெதுவாக வாசிக்க வேண்டும். லீட் வாசிப்பவனுக்கு அதுதான் மரியாதை. கொயர் மைக்குகள் எல்லாம் திறந்தபடியே எனக்குப் பின்னால் இருந்தன. பாடுகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். நான் வாசிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் விசில் வந்தது.

பி நோட். அதே விசில்.

ஜெனரேட்டராக இருக்கும் என்று நினைத்தேன். அதன் சத்தம் வேறு. பழக்க தோஷத்தில் மெதுவாகத் திரும்பினேன். ஜன்னல் பக்கம் பார்த்தேன், குறையவில்லை. சுவர் பக்கம் பார்த்தேன், குறையவில்லை. எந்தத் திசையிலும் ஒரே அளவாக வந்தது. கடைசியில் ஒரு கம்பியை அதிர விட்டுவிட்டு வால்யூமை அடியோடு குறைத்தேன். கிட்டார் சத்தம் நின்றது. விசில் நிற்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபர்னஸ் ஓடினால்தான் இந்தச் சத்தம். இன்றைக்கு ஓட வாய்ப்பே இல்லை. தாஸ் இந்த நேரத்தில் அந்தப் பானைக்குள் குந்தி உட்கார்ந்திருப்பான். யாராவது எங்கிருந்தாவது சுருளுக்குக் கரண்ட் கொடுத்துவிட்டால்?

எஸ்தரைத் திரும்பிப் பார்த்தேன். உதடு மூடியிருந்தது. கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கும் கேட்கிறது என்று புரிந்தது. கிட்டாரைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு நடுப்பாதையில் ஓடினேன். பின்னால் பாஸ்கர் மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, "டேய் சீலா! எங்கடா?" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது காதில் விழுந்தது. எஸ்தர் செருப்புக்கூடப் போடாமல் என் பின்னால் ஓடி வந்தாள்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். "கரண்ட்டே இல்லப்பா இன்னிக்கு. ஃபேனு கூட ஓடல. ஃபர்னஸு எப்டி ஓடும்?"

"ஓடலன்னா சரி. ஆள மட்டும் வெளிய வரச் சொல்லு. ஒரு தபா பாத்துட்டுப் போயிடுறோம்" என்றேன். எஸ்தர் அழ ஆரம்பித்ததால்தான் அவர் உள்ளே போய்க் கூப்பிட்டார்.

தாஸ் பானையிலிருந்து ஏறி வந்தான். தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசி. கல்யாண சட்டையோடு மச்சான், பட்டுப் புடவையோடு பெண்டாட்டி. அவனுக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை.

"இன்னா மச்சான் பேஜாரு இது? சூபர்வைசரு பாத்தா இன்னா நெனப்பாரு? பாரு, மெயின் சுச்சிக்குப் பூட்டு போட்ருக்கேன். சாவி என் ஜோப்புல கீது." சாவியை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினான். பூட்டையும் கொண்டுபோய்க் காட்டினான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. "சரி மாப்ள, மன்னிச்சுக்கோ" என்று சொல்லி முடிக்கவில்லை, உள்ளே தொம்மென்று ஒரு சத்தம்.

பழைய லைனிங்கில் ஒரு பக்கம், அதில் ஒட்டி இறுகியிருந்த இரும்புப் பாளத்தோடு அப்படியே சரிந்து பானைக்குள் விழுந்திருந்தது. எட்டிப் பார்த்தோம். தாஸ் உட்கார்ந்திருந்த மணைப்பலகையின் ஒரு முனை மட்டும் வெளியே தெரிந்தது. தாஸ் சாவியைக் கையில் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றான்.

3. குறி சொல்லும் பெட்டி

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நான் வாசிக்கப் போகிற இடத்திலெல்லாம் கம்பெனி ஆட்களின் வீட்டுப் பெண்கள் ஆம்ப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். "அண்ணா, எங்க ஊட்டுக்காரரு தேர்வாய் கண்டிகையில வேற கம்பெனிக்குப் போறாரு. கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கணா" என்பார்கள். நான் என்ன கிளி ஜோசியமா பார்க்கிறேன்? ஆனால் அந்த முகங்களைப் பார்த்து எரிந்து விழவும் முடியவில்லை.

மற்றவர்களை ஒரு மாதிரி சமாளித்தேன். எஸ்தரைச் சமாளிக்க முடியவில்லை. ஷிஃப்ட் மாறும்போது ஃபர்னஸைக் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். தாஸ் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்கு வந்துவிடுவாள். அதற்குள் நானும் அவர்கள் வீட்டுக்கு அடுத்த தெருவுக்கே குடி வந்திருந்தேன்.

"அண்ணா, ஒரு தபா போட்டுப் பாருணா."

கிட்டாரைச் சொருகி ஆம்ப்பைப் போடுவேன். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்போம். வெறும் ஹம்தான் இருக்கும். அவள் முகம் தெளியும். வாசலில் நிற்கும் தாஸிடம், "போய்ட்டு வாங்க" என்பாள். அவன் சைக்கிளை எடுப்பான். தினமும் இதே கதை. நாஷ்டா சாப்பிடுவதைப் போல இதுவும் ஒரு வேலையாகிவிட்டது.

ஒரு நாள் விசில் வந்தது. ஃபர்னஸ் நின்றிருந்த நேரம். ஹம்முக்கு மேலே மெலிசாக, பிறகு நன்றாகவே. எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குத் தாஸை அனுப்பவே இல்லை. கதவை மறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கம்பெனியில் அன்றைக்கு ஒரு போல்ட்கூடக் கழன்று விழவில்லை. சொல்லாமல் லீவு எடுத்ததற்குத் தாஸுக்கு மெமோ கொடுத்தார்கள்.

"பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்றேன் அவளிடம்.

"அவரு போகலல்ல? அதான் ஆகல" என்றாள்.

அடுத்த மாதம் இன்னொரு தடவை வந்தது. இன்னொரு மெமோ. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும் என்று தாஸ் என்னிடம் தனியாகச் சொன்னான். வேலை போனால் சோற்றுக்கு வழியில்லை. வேலைக்குப் போனால் பெண்டாட்டி செத்துப் பிழைக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் என் ஆம்ப் உட்கார்ந்திருந்தது.

4. மாற்றம்

எனக்கும் வாசிப்பு கெட்டுப்போனது. கை பாட்டுக்குப் போகும், காது ஹம்முக்குள் போய்விடும். நீண்ட நோட்டு ஒன்றை இழுத்துப் பிடிக்கும்போது அதற்கு அடியில் வேறொன்று கேட்கிறதா என்று தேடுவேன். ஒரு கோயில் திருவிழா முடிந்து வயர் சுருட்டும்போது பாஸ்கர் மாஸ்டர் சொன்னார்:

"சீலா, நீ வாசிக்கல நைனா. காவலு காக்குற. டப்பு குடுக்குறவன் வாட்ச்மேன் கேக்கல, கிட்டாரு கேக்குறான்."

அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. முதலில் பிக்கப்பை மாற்றினேன். ஹம்பக்கர் என்று இரட்டைச் சுருள் வைத்தது வரும், ஹம்மைத் தானே தின்றுவிடும். ஹம் போனது. என் காது தேடுவது போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து செமி அக்கூஸ்டிக் வாங்கினேன். அதிலும் காந்தம் இருந்தது. அதன் பிறகு, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் சின்னப் பட்டை வைத்த அக்கூஸ்டிக். அதில் காந்தமே கிடையாது. உலகத்தில் எந்த ஃபர்னஸ் கத்தினாலும் அதற்குக் கேட்காது. கேட்கிறவர்களிடம், "இப்போ கல்யாணங்களில் அக்கூஸ்டிக்தான் ஃபேஷன்" என்று சொல்லி வைத்தேன். அதுவும் பொய்யில்லை. கடைசியில் அந்தப் பட்டையையும் வயரையும் விட்டேன். முன்னால் ஒரு மைக், அல்லது அதுவும் இல்லாமல் வெறும் மரப் பெட்டி.

மாறுவது சுலபம் என்று நினைக்காதீர்கள். எலெக்ட்ரிக்கில் ஒரு நோட்டைப் பிடித்தால் நாம் விடும் வரை நிற்கும். அக்கூஸ்டிக்கில் தட்டிய உடனே சாக ஆரம்பித்துவிடும். அடுத்த நோட்டை யோசித்து வைத்திருக்க வேண்டும். கம்பி கனம், விரல் நுனி வெடிக்கும். சோலோ வாசித்துக் கைதட்டு வாங்கிய ஆள் மூலையில் உட்கார்ந்து, மூன்று நான்கு ஸ்வரங்களை ஒரே பிடியாகச் சேர்த்துத் தட்டும் கார்டு பிடிக்கப் பழக வேண்டும். முதல் வருஷம் எனக்கு நான் ஊமையாகிவிட்டது போலத்தான் இருந்தது. பிறகுதான் ஒன்று தெரிந்தது. நம் சத்தம் குறைந்தால் பக்கத்தில் இருப்பவர்களின் சத்தம் கேட்கிறது. பாடுகிறவள் எங்கே மூச்சு வாங்குகிறாள், எங்கே பயப்படுகிறாள் என்றெல்லாம் எனக்கு அதற்கு முன்னால் தெரியவே தெரியாது.

நான் எலெக்ட்ரிக்கை விட்டது எஸ்தருக்குத் துரோகமாகப் பட்டது. ஒரு நாள் வாசலில் நின்று கத்தினாள்.

"என் புருஷன் உசுரு உனக்கு வெளயாட்டாப் போச்சாணா? நீ வாசிக்காட்டி போ. அத்த எனக்குக் குடு. நான் கேட்டுக்குறேன்."

பழைய பிக்கப்பையே திரும்ப மாட்டி, ஆம்ப்போடு கொடுத்தேன். கூடப் பிறந்தவள் அழும்போது வேறென்ன செய்வது?

5. தாஸ் வீடு

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போகவே எனக்குப் பிடிக்கவில்லை. முன்னறையின் மூலையில், வசனம் போட்ட காலண்டருக்குக் கீழே ஆம்ப் இருக்கும். சிவப்பு விளக்கு எப்போதும் எரியும். கிட்டார் சுவரில் சாய்ந்திருக்கும். யாரும் வாசிப்பதில்லை. கம்பிகள் துருவேறிவிட்டன. கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் அந்த வீட்டில் ஹம் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபர்னஸ் ஓடும்போது விசில் வரும், நிற்கும்போது நிற்கும். எஸ்தர் அரிசி களைந்தபடி, துணி மடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். நாம் பேசினால் பதில் சொல்வாள். ஆனால் கொஞ்சம் தாமதமாகச் சொல்வாள்.

பாட்டை நிறுத்திவிட்டாள். கொயருக்குப் போனால் வீட்டில் யார் கேட்பது என்றாள். டிவியைக்கூடச் சத்தம் இல்லாமல்தான் பார்ப்பார்கள்.

"பக்கத்துல நான் உசுரோட குந்திக்கினு கீறேன் மச்சான்" என்றான் தாஸ் ஒரு நாள். "என்னப் பாக்க மாட்டேங்குறா. பொட்டியத்தான் பாக்குறா. நான் செத்தாக்கூட அது சொன்னாத்தான் நம்புவா போல."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளிடம் பலமுறை சொல்லிப் பார்த்தேன். சர்ச் போதகர் ஐயரும் சொல்லிப் பார்த்தார். அவள் ஒரே பதில்தான் சொல்வாள். "அவரு ரிட்டயர்டு ஆகட்டும். அன்னிக்கி ஆஃப் பண்றேன்."

மெமோ மட்டும் மூன்றாவது வரவில்லை. விசில் வந்த நாட்களில் தாஸ் உடம்பு சரியில்லை என்று முன்கூட்டியே போன் செய்யக் கற்றுக்கொண்டிருந்தான். அப்படியே வருஷங்கள் ஓடின.

6. ரிட்டயர்மெண்ட் நாள்

தாஸ் கடைசி ஷிஃப்ட் முடித்து, கை கால் முழுதாக வீடு வந்து சேர்ந்தான். கம்பெனி வேனில், கழுத்தில் ரோஜா மாலையோடு, கையில் பரிசாகக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தோடு. சாயந்திரம் வீட்டிலேயே நன்றி சொல்லும் ஸ்தோத்திர ஜெபம் வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தார் பத்துப் பதினைந்து பேர் பாயில் உட்கார்ந்திருந்தோம். நான் அக்கூஸ்டிக்கை மடியில் வைத்திருந்தேன். எஸ்தர் சமையலறை வாசலில் நின்று டம்ளர்களில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஜெபம் முடிந்ததும் தாஸ் எழுந்து மூலைக்குப் போனான். "எஸ்தர், வந்துட்டேன். இனிமே இன்னாத்துக்கு இது?" என்று சொல்லி ஆம்ப்பின் சுவிட்சை அணைத்தான். சிவப்பு விளக்கு போனது. அத்தனை வருஷமாக அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஹம் நின்றதும் எல்லோருக்குமே காது அடைத்தது போல இருந்தது. யாரோ இருமினார்கள்.

அந்த அமைதியில் விசில் கேட்டது.

பி நோட். மெலிசாக, நடுக்கமில்லாமல். தாஸ் ஆம்ப்பைப் பார்த்தான். குனிந்து பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினான். விசில் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா, "ஏசப்பா" என்று சொல்லிக் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டார்.

என் கை பழைய வழக்கத்தை மறக்கவில்லை. கிட்டாரைப் பிடித்தபடி உட்கார்ந்த இடத்திலேயே மெதுவாகத் திரும்பினேன். இந்தத் தடவை கிட்டாருக்குக் காந்தம் இல்லை, என் காதுதான் இருந்தது. ஜன்னல் பக்கம் குறைந்தது. தெரு வாசல் பக்கம் குறைந்தது. சமையலறைப் பக்கம் திரும்பியதும் கூடியது.

எஸ்தர் குனிந்து பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். உதடு மூடியிருந்தது. தொண்டை லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவளிடமிருந்துதான் வந்தது. அவளுக்கே தெரியவில்லை. டம்ளர் நிறைந்ததும் கையை நிறுத்தினாள். சத்தம் நிற்கவில்லை.

தாஸ் என் காதுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "எனக்குத் தெரியும் மச்சான். தூங்குறப்போ வர்து. ரொம்ப நாளா. யாராண்ட போய்ச் சொல்றது இத்த?" அவன் கண் கலங்கியிருந்தது. அத்தனை வருஷம் இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு அந்த வீட்டில் அவன் தூங்கியிருக்கிறான்.

அவளை உலுக்கலாமா, கூப்பிடலாமா என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். ஈ மைனர் பிடித்தேன். பி நோட்டுக்கு அதில் இடம் உண்டு. மெதுவாகத் தட்டினேன். விசில் தனியாக நின்றதுபோய், கார்டின் மேல் உட்கார்ந்தது. கேட்பதற்குப் பயம் கொஞ்சம் குறைந்தது. அடுத்து ஜி கார்டு. அதிலும் பி உண்டு, ஆனால் வெளிச்சமாக இருக்கும். அவள் தலை லேசாக நிமிர்ந்தது. அப்புறம் சி பிடித்தேன். சி கார்டில் பி நோட்டுக்கு நிம்மதியாக உட்கார இடம் கிடையாது. அரை ஸ்தானம் மேலே ஏறினால்தான் அதற்கு வீடு. எந்தக் காதும் அந்த இடத்தில் தவிக்கும்.

ஒரு தடவை தட்டினேன். நகரவில்லை. மறுபடி ஜி, மறுபடி சி. மூன்றாவது சுற்றில் அந்தச் சத்தம் நடுங்கியது. பிறகு ஏறியது. அரை ஸ்தானம்தான். சி-யில் போய் நின்றது. உடனே எஸ்தர் பெரிதாக மூச்சை இழுத்து நிமிர்ந்தாள்.

"இன்னாணா? ஏன் எல்லாரும் என்னையே பாக்குறீங்க?"

நான் கார்டை நிறுத்தவில்லை. அவள் இரண்டு நிமிஷம் என் கையையே பார்த்தாள். பிறகு, எத்தனையோ வருஷமாகப் பாடாத கொயர் பாட்டு ஒன்றை எடுத்தாள். குரல் கரகரத்தது. இரண்டாவது அடியில் அழுதுவிட்டாள். தாஸ் எழுந்து போய் அவள் கையில் இருந்த கரண்டியை வாங்கிக்கொண்டான்.

7. கற்றது

எலெக்ட்ரிக்கையே வாசித்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்திருக்காது. ஆம்ப்பின் தலையில் பழியைப் போட்டுவிட்டு வந்திருப்பேன். ஏன் மாறினேன் என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் எஸ்தர் என் பக்கத்தில் இருந்திருக்கிறாள். கல்யாணத்தன்று எனக்குப் பின்னால், திறந்த மைக்குக்கு முன்னால், வாயை மூடிக்கொண்டு. அதனால்தான் எந்தப் பக்கம் திரும்பியும் குறையவில்லை. வால்யூமைக் குறைத்தும் நிற்கவில்லை. பிற்பாடு வந்ததெல்லாம் அவளுடைய பயம் என்று சொல்லிவிடலாம். கல்யாணத்தன்று அவளுக்குப் பயம் எதுவும் இல்லை. விசில் வரும் வரை மல்லிப்பூ வைத்துக்கொண்டு சிரித்தபடிதான் நின்றிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் லைனிங் சரியப்போகிறது என்று அவள் தொண்டைக்கு யார் சொன்னது? இதற்கு எந்த எலெக்ட்ரீஷியனிடமும் பதில் இல்லை.

ஆம்ப்பையும் பழைய கிட்டாரையும் விற்றுவிட்டார்கள். எஸ்தர் மறுபடி கொயரில் பாடுகிறாள். தாஸ் என்னிடம் வந்து அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்று கேட்டான். தீப்பட்டுத் தடித்த விரல்கள், கம்பி அவனை ஒன்றும் செய்யவில்லை. மூன்றே கார்டு கற்றுக்கொண்டான். ஈ மைனர், ஜி, சி. நான்காவது சொல்லித் தருகிறேன் என்றால், "இது போதும் மச்சான்" என்கிறான். தூக்கத்தில் அவளுக்கு அந்தச் சத்தம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து தட்டுவானாம். சி-க்கு வந்ததும் ஏறி அடங்கிவிடுமாம்.

போன மாதம் ஒரு மத்தியானம் போன் செய்தான். பின்னால் அந்த விசில் எனக்கே கேட்டது.

"மச்சான், கூடத்துல குந்திக்கினு கீரை ஆஞ்சிக்கினு இருந்தா, வந்துடிச்சி. சி புடிச்சிட்டேன். நாலு தபா புடிச்சிட்டேன். நகரல."

நான் யோசிக்கவில்லை. "அவளக் கூட்டிக்கினு தெருவுக்கு வா. இப்பவே" என்றேன்.

இரண்டு பேரும் வெயிலில் தெருவில் நின்றிருக்கிறார்கள். சத்தம் தானாக நிற்கும் வரை நின்றுவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில் ஒன்றும் விழவில்லை. ஒன்றும் ஆகவில்லை.

புதிதாக வாசிக்க வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நிறுத்த முடியாத சத்தம் ஒன்று வந்தால் சண்டை போடாதே, அதற்கு அடியில் ஒரு கார்டு வை. பெரும்பாலும் நகர்ந்துவிடும். நகரவில்லை என்றால், பாதிப் பாட்டாக இருந்தாலும் பரவாயில்லை, ஆளை வெளியே கூப்பிடு. கெட்ட பெயர் வந்தால் வரட்டும். காரணத்தை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தாஸ் முன்பெல்லாம் கூடத்துச் சுவரின் நடுவில் ஆணி அடித்துக் கிட்டாரை மாட்டி வைத்திருந்தான். இப்போது அதை எடுத்துத் தெருக்கதவுக்குப் பக்கத்தில், வெளியே ஓடுகிற வழியில் கைக்கு எட்டும்படி, செருப்பு விடும் இடத்துக்கு மேலே மாட்டியிருக்கிறான்.